நிதியம் மூடப்பட்டால் எமது பணம் எங்கே?

கொழும்பில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் அழைத்தார். குரலிலேயே பதற்றம் தெரிந்தது. லண்டனில் வேலை செய்யும் அவருடைய மகன், "வாப்பா, நான் சல்லி போட்டிருக்கிற பண்ட மூடப் போறாங்களாம், மெயில் வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் மகன் சொன்ன எதுவும் ஹாஜியாரின் காதில் ஏறவில்லை. 2008 டிசம்பரில் கோல்டன் கீ சரிந்தபோது வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் அவருடைய தெருவிலேயே இருக்கிறார்கள். "மூடுகிறார்கள்" என்ற சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

ஹாஜியாரைப் போல வெளிநாட்டில் பிள்ளைகளை, மருமக்களை வைத்திருக்கும் வியாபாரிகள் எம்மிடையே பலர். அந்தப் பிள்ளைகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து கைத்தொலைபேசி மூலமாகவே ஈ.டீ.எப். எனப்படும் நிதியங்களை வாங்குகிறார்கள். சில வேளைகளில் வாப்பாவின் பணமும் அதில் கலந்திருக்கிறது. ஆகவே இந்த "மூடுதல்" என்பது என்ன, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

ஈ.டீ.எப். என்பது பல கம்பனிகளின் பங்குகளை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, அந்த அலகுகளைப் பங்குச் சந்தையில் ஒரு சாதாரண பங்கைப் போல வாங்கவும் விற்கவும் வழி செய்யும் நிதியம். எமது நாட்டில் உள்ள யுனிட் டிரஸ்ட்டுகளுக்கு இது தூரத்து உறவு. யுனிட் டிரஸ்டில் நீங்கள் முகாமைக் கம்பனியிடம் வாங்கி அதனிடமே திருப்பிக் கொடுக்கிறீர்கள். இதிலோ சந்தையில் இன்னொருவரிடம் வாங்கி இன்னொருவருக்கு விற்கிறீர்கள். அமெரிக்காவில் இது 1993 ஜனவரியில் ஒரே ஒரு நிதியத்தோடு தொடங்கியது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. திறக்கப்படுவது போலவே மூடப்படுவதும் நடக்கிறது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் 200க்கும் மேற்பட்ட நிதியங்கள் மூடப்பட்டன.

இவ்வளவு மூடப்பட்டும் தெருவில் மக்கள் இறங்கவில்லையே, ஏன்? காரணம் மிக எளிது. நிதியத்தை நடத்தும் கம்பனி வேறு, நிதியத்தின் சொத்து வேறு. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டின் முதலீட்டுக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட நிதியத்தின் பங்குகள், பாதுகாப்பாளராக நியமிக்கப்பட்ட ஒரு வங்கியிடம் தனியாக வைக்கப்படுகின்றன. முகாமைக் கம்பனி தன் கடனுக்காக அதில் கை வைக்க முடியாது. ஐரோப்பிய நிதியங்களிலும் இதே பிரிவினை உண்டு. எமது யுனிட் டிரஸ்ட்டுகளிலும் பொறுப்பாளர் வேறாகத்தான் இருக்கிறார். கோல்டன் கீயில் இருந்தது அப்படியான ஏற்பாடல்ல. அங்கே மக்கள் கொடுத்தது வைப்பு. கம்பனி விழுந்ததும் அவர்கள் கடன்காரர்களாக வரிசையில் நின்றார்கள்.

ஹாஜியாருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். நாலு பேர் கூட்டாக ஒரு கடை நடத்துகிறார்கள். வருமானம் போதவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, ஆனால் நடத்துவதில் பிரயோசனமும் இல்லை. சரக்கை விற்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மிச்சத்தை அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டு பிரிகிறார்கள். நிதியம் மூடப்படுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சரக்கு அன்றைய சந்தை விலைக்கு விற்கப்படும். நீங்கள் 100க்கு வாங்கி இன்று அது 70 ஆக இருந்தால் 70தான் வரும். ஆனால் அந்த 30 நட்டம் மூடியதால் வந்ததல்ல, சந்தையால் வந்தது.

ஏன் மூடுகிறார்கள் என்பது வியாபாரிகளுக்கு உடனே விளங்கும் கணக்கு. ஒரு நிதியத்தில் 10 மில்லியன் டொலர் சேர்ந்திருக்கிறது, வருடத்துக்கு அரை வீதம் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் 50,000 டொலர். அதற்குள் கணக்காய்வாளர், சட்டத்தரணி, பாதுகாப்பாளர் வங்கி, பங்குச் சந்தைக் கட்டணம், சுட்டெண்ணின் பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். முடியுமா? பெரிய கம்பனி சில வருடங்கள் கையிலிருந்து போட்டுத் தாங்கும். சிறிய கம்பனிக்கு அந்த மூச்சு கிடையாது.

இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1996 மார்ச்சில் நியூயோர்க்கில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நிதியங்கள் ஒரே காலத்தில் வந்தன. ஒன்று வெப்ஸ், மற்றது டொய்ச்ச வங்கிக் குழுமத்தின் கன்ட்ரி பாஸ்கட்ஸ். இரண்டும் விற்றது ஒரே சரக்கு, அதாவது தனித்தனி நாடுகளின் பங்குச் சந்தைகள். ஒரு தெருவில் ஒரே வகைத் துணி விற்கும் இரண்டு கடைகள் எதிரெதிரே திறந்ததைப் போல. கன்ட்ரி பாஸ்கட்ஸ் அடுத்த வருடமே மூடப்பட்டது. வெப்ஸ் பின்னர் ஐஷெயார்ஸ் என்ற பெயரை எடுத்து இன்றும் இருக்கிறது. தோற்றவரின் சரக்கு மோசமென்று யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

வேறு வகையான தோல்வியும் உண்டு. 2007இல் ஹெல்த்ஷெயார்ஸ் என்ற பெயரில் மருத்துவத் துறையைத் துண்டு துண்டாக வெட்டி நிதியங்கள் வந்தன. புற்றுநோய்க்கு ஒன்று, தோல் நோய்க்கும் காயச் சிகிச்சைக்கும் ஒன்று என்று. தோல் மருந்துக் கம்பனிகளில் மட்டும் பணம் போட வேண்டுமென்று எத்தனை பேர் காலையில் எழுந்து நினைப்பார்கள்? 2008இலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆளில்லாச் சந்தியில் கடை போட்ட கதை.

எமக்கு நெருக்கமான கதை இன்னொன்று. அமெரிக்காவில் ஷரீஆ முறைப்படி தெரிவு செய்யப்பட்ட பங்குகளைக் கொண்ட முதலாவது ஈ.டீ.எப். 2009இல் வந்தது. ஜாவலின் என்ற சிறிய கம்பனி, டவ் ஜோன்ஸ் இஸ்லாமியச் சுட்டெண் ஒன்றைப் பின்பற்றி, அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள பெரிய கம்பனிகளின் பங்குகளைக் கொண்டு அதை ஆரம்பித்தது. பத்திரிகைகள் எழுதின, வரவேற்றன. 2010இல் அது மூடப்பட்டது. திறந்தபோது பாராட்டியவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே 2009இன் இறுதியில் கிறிஸ்தவ விழுமியங்களைப் பின்பற்றும் ஃபெய்த்ஷெயார்ஸ் நிதியங்கள் வந்தன. அவையும் 2011இல் மூடப்பட்டன. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லிக் கடை திறந்தால் அந்தச் சமூகம் முழுவதும் வந்து வாங்கும் என்று எண்ணுவது வியாபாரத்தில் பழைய தவறு. ஹலால் என்று பலகை போட்டும் வாடிக்கையாளர் வராத சாப்பாட்டுக் கடைகளை நாம் பார்க்காதவர்களா?

ஆனால் இதை வைத்து இஸ்லாமிய நிதியங்கள் நிலைக்காது என்று யாரும் முடிவு கட்டினால் அதை நான் ஏற்க மாட்டேன். இந்தியாவில் பெஞ்ச்மார்க் என்ற கம்பனி 2009இல் ஷரீஆ பீஸ் என்ற நிதியத்தை ஆரம்பித்தது. பல வருடங்கள் அது மிகச் சிறியதாகவே கிடந்தது. 2011இல் கோல்ட்மன் சாக்ஸ் பெஞ்ச்மார்க்கை வாங்கியது. அதன் பின்னர் ரிலையன்ஸிடம் போனது. 2019இல் ஜப்பானின் நிப்பொன் கைக்கு வந்தது. முதலாளி மூன்று தடவை மாறியும் நிதியம் மூடப்படவில்லை. லண்டனில் 2007 டிசம்பரில் வந்த ஐஷெயார்ஸின் உலக இஸ்லாமிய நிதியமும் தொடர்ந்து நடக்கிறது. அமெரிக்காவிலும் 2019இல் வஹீட் நிறுவனமும் எஸ்.பி. பன்ட்ஸ் நிறுவனமும் மீண்டும் முயன்றன. இம்முறை வாங்க ஆள் இருந்தது. எனவே பலகையில் உள்ள பெயரைவிட, கடைக்குப் பின்னால் யார் நிற்கிறார், எவ்வளவு காலம் நட்டத்தைத் தாங்குவார் என்பதே முக்கியம்.

இனி, அறிவித்தல் வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் அந்த மெயிலை முழுதாக வாசிக்க வேண்டும். அழித்துவிடக் கூடாது. அதில் சில திகதிகள் இருக்கும். சந்தையில் கடைசியாக வாங்கி விற்கும் நாள் எது, நிதியம் தன் பங்குகளை எப்போது விற்கத் தொடங்கும், பணம் எப்போது பகிர்ந்தளிக்கப்படும் என்பவை. அறிவித்தலுக்கும் கடைசி நாளுக்கும் இடையில் பொதுவாகச் சில வாரங்கள் கிடைக்கும். இந்தக் காலத்தில் உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கடைசி நாளுக்கு முன் சந்தையில் விற்பது. மற்றது, ஒன்றும் செய்யாமல் காத்திருந்து நிதியம் தரும் பணத்தைப் பெற்றுக்கொள்வது.

காத்திருப்பது சும்மா கிடைப்பதல்ல. நிதியம் தன் சரக்கை விற்கத் தொடங்கியதும் அது நீங்கள் வாங்கிய நிதியமாக இருக்காது, வெறும் காசுப் பெட்டியாகிவிடும். அந்த நாட்களில் சந்தை ஏறினால் அந்த ஏற்றம் உங்களுக்கில்லை. இறங்கினால் தப்பித்தீர்கள், அது வேறு. விற்பதற்கான தரகும் மூடுவதற்கான செலவும் சில நிதியங்களில் முகாமைக் கம்பனியே ஏற்கும், சிலவற்றில் எஞ்சியிருக்கும் முதலீட்டாளரின் தலையில் விழும். எது என்பது அறிவித்தலில் எழுதப்பட்டிருக்கும். எல்லோரும் போன பிறகு கடைசியாக நிற்பவர் முழு ஹோட்டல் பில்லையும் கட்டுவது போன்ற நிலை சிறிய நிதியங்களில் வரலாம். அத்தோடு கடைசி வர்த்தக நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் உங்கள் பணம் பூட்டியிருக்கும். நோன்புப் பெருநாள் சரக்குக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் அந்த இடைவெளி சிறியதல்ல.

சந்தையில் விற்பதிலும் கவனம் தேவை. அறிவித்தல் வந்த முதல் நாள் காலையில் எல்லோரும் ஓடுவார்கள். அந்த நேரத்தில் "என்ன விலையானாலும் விற்றுவிடு" என்று தரகருக்குக் கட்டளை போட்டால், வாங்குபவர் தன் விலையைச் சொல்வார். நீங்கள் பார்க்க வேண்டியது நிகர சொத்துப் பெறுமதி, அதாவது கூடையிலுள்ள பங்குகளின் அன்றைய பெறுமதியை அலகுகளால் வகுத்தால் வரும் தொகை. நிதியத்தின் தளத்தில் அது தினமும் வெளியிடப்படும். சந்தையில் கேட்கப்படும் விலை அதற்கு நெருங்கி இருந்தால் விற்பதில் நட்டமில்லை. அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் பொறுத்திருக்கலாம், அல்லது இதற்குக் குறைய விற்காதே என்று விலை குறித்த லிமிட் ஓர்டர் போடலாம். பெரிய, தினமும் கைமாறும் பங்குகளைக் கொண்ட நிதியமென்றால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் சில்லறைதான். ஏனென்றால் சந்தை உருவாக்குநர்கள் அலகுகளை வாங்கி நிதியத்திடம் கொடுத்துப் பங்குகளாக மாற்றிக்கொள்ள முடியும். அவர்களுக்கு இலாபம் இருக்கும் வரை விலை மிகவும் கீழே போகாது.

என் அபிப்பிராயம், சாதாரண நிதியமென்றால் முதல் நாள் கூட்டத்தில் சேராமல், கடைசி நாள் வரையும் இழுக்காமல், இடையில் ஒரு அமைதியான நாளில் நியாயமான விலைக்கு விற்று அதே வகையான பெரிய நிதியம் ஒன்றுக்கு மாறுவதே நல்லது. மிகச் சிறிய தொகையாக இருந்து, விற்பதற்குத் தரகுக் கட்டணம் அதிகமென்றால் காத்திருப்பதில் பிழையில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று மூடப்போகும் நிதியத்தைப் புதிதாக வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அது எம் போன்றவர்களின் வேலையல்ல.

வரி விடயத்தையும் மறக்கக் கூடாது. நீங்கள் விரும்பாவிட்டாலும், மூடும்போது வரும் பணம் விற்றதாகவே கணக்கிடப்படும். இலாபம் இருந்தால் பிள்ளை வாழும் நாட்டின் சட்டப்படி அந்த வருடமே வரி வரலாம். நட்டமென்றால் அதை வேறு இலாபத்துக்கு எதிரே கழிக்க இடமிருக்கலாம். பங்காக இருந்தது காசாக மாறிவிட்டதால் ஸகாத் கணக்கும் மாறும். பூட்டியிருந்த நாட்களில் அந்தக் காசுக்கு வட்டி சேர்ந்ததா என்ற கேள்வியும் வரும். அவற்றை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறையல்ல.

இதுவரை சொன்னது ஒழுங்காக மூடப்படும் நிதியங்களைப் பற்றி. ஒழுங்கில்லாத மூடுதல்களும் உண்டு. உண்மையில் பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான்.

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் மாதத்தில் ரஷ்யப் பங்குகளைக் கொண்ட அமெரிக்க நிதியங்களின் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மொஸ்கோ சந்தை வெளிநாட்டவருக்குப் பூட்டப்பட்டதால் கூடையில் இருந்த பங்குகளை விற்க வழியில்லை. வான்எக், ஐஷெயார்ஸ் போன்ற பெரிய, பலம் வாய்ந்த கம்பனிகளின் நிதியங்களே அவை. கடைசி நாளுக்கு முன் விற்கலாம் என்ற புத்திமதி அங்கே உதவவில்லை. பிறகு அவை கலைக்கப்பட்டபோது முதலீட்டாளருக்குக் கிடைத்தது போட்டதில் ஒரு சிறு துண்டுதான். ஒரே ஒரு நாட்டை நம்பி வாங்கும் நிதியத்தில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

மற்றது 2018 பெப்ரவரி 5இல் நடந்தது. கிரெடிட் சுவிஸ் வங்கி வெளியிட்டிருந்த எக்ஸ்.ஐ.வி. என்ற பத்திரம், சந்தை அமைதியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவது. அன்று சந்தை கலங்கியது. ஒரே இரவில் 90 வீதத்துக்கும் மேல் பெறுமதி போய்விட்டது. ஒரு நாளில் 80 வீதம் விழுந்தால் வங்கி அதை முடித்துவிடலாம் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. வங்கியும் அதே மாதத்தில் முடித்தது. அது சிறிய நிதியமல்ல, பில்லியன் டொலருக்கு மேல் பணம் இருந்தது. பெரியது மூடப்படாது என்று நம்பியவர்களுக்கு அது பாடம். எமது வாசகர்கள் அப்படியான பந்தயத்தின் பக்கமே போகமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பிள்ளைகளின் தொலைபேசியில் அதுவும் மற்றதும் ஒரே திரையில், ஒரே மாதிரியான மூன்று எழுத்துகளில்தான் வருகின்றன.

இங்கே இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. எக்ஸ்.ஐ.வி. ஓர் ஈ.டீ.எப். அல்ல, ஈ.டீ.என். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு, ஆனால் பொருள் முற்றிலும் வேறு. ஈ.டீ.எப்.இல் கூடைக்குள் பங்கு இருக்கிறது. ஈ.டீ.என்.இல் கூடையே இல்லை, வங்கி எழுதித் தந்த கடன் சீட்டுத்தான் இருக்கிறது. 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் விழுந்தபோது அந்த வங்கி வெளியிட்டிருந்த ஈ.டீ.என்.களை வைத்திருந்தவர்கள் பிணையில்லாத கடன்காரர்களாகிப் போனார்கள். கோல்டன் கீ முதலீட்டாளர்கள் நின்ற அதே வரிசைதான். ஹாஜியாரின் பயம் பொருந்துவது இந்த இடத்தில்.

எனவே வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். நிதியமா, கடன் சீட்டா? எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது, எத்தனை வருடமாக நடக்கிறது? ஒரு நாளில் எவ்வளவு கைமாறுகிறது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு? இதே சுட்டெண்ணை வேறு கம்பனி குறைந்த கட்டணத்துக்கு விற்கிறதா? நடத்துபவருக்கு வேறு பெரிய நிதியங்கள் இருக்கின்றனவா, அல்லது இந்த ஒன்றுதான் அவருடைய முழுக்கடையுமா? மூன்று வருடம் கடந்தும் சில மில்லியன் டொலருக்கு மேல் வளராத, யாரும் கைமாற்றாத, புதுமோஸ்தர் பெயர் கொண்ட நிதியம் என்றால் அதன் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். தங்கத்தில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தங்க நிதியம் மூடப்பட்டால் சிறு முதலீட்டாளருக்குப் பணம்தான் வரும், தங்கக்கட்டி வராது.

இங்கிருந்து நேரடியாக வெளிநாட்டு நிதியம் வாங்க நினைப்பவர்கள், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அதற்கு வரையறைகள் இருப்பதை நினைவில் வைத்து, முதலில் தமது வங்கியிடம் விசாரிக்க வேண்டும். பிள்ளையின் கணக்கில் வாப்பாவின் பணத்தைப் போடுபவர்கள், அது யாருடைய பணம், எவ்வளவு என்பதை ஒரு தாளிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிதியம் மூடப்பட்டதால் குடும்பத்துக்குள் கொடுக்கல் வாங்கல் பிரச்சினை வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஹாஜியாரின் மகன் வைத்திருந்தது சாதாரண ஈ.டீ.எப். தான். தொழில்நுட்பத் துறையின் ஒரு மூலையை மட்டும் பிடித்த, இரண்டு வருடமாக வளராத நிதியம். கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிகர சொத்துப் பெறுமதிக்கு மிக நெருங்கிய விலையில் விற்றுவிட்டார். வாங்கிய விலையைவிடக் குறைவு, ஆனால் முழுப்பணமும் மூன்று நாளில் கணக்குக்கு வந்தது. வாப்பாவுக்குச் சேர வேண்டியதை வாப்பாவுக்கு அனுப்பியும்விட்டார். ஹாஜியார் அதைக்கொண்டு சீமெந்துக்கும் கம்பிக்கும் ஓர்டர் கொடுத்திருக்கிறார்.